வன்னி வயலுக்கு ட்ரோன் மருந்தடிப்பு: கொழும்பில் இருந்து வாங்குகிறவர்களுக்கான செலவுக் கணக்கு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்துகொண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு, அக்கரைப்பற்றுப் பக்கம் குடும்ப வயலைப் பார்க்கிறவர்களுக்கும், கையில் உள்ள காசை ட்ரோன் மருந்தடிப்புத் தொழிலில் போடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் இது. காட்சியறையில் உங்களுக்குச் சொல்லப்படுவது மருந்து எவ்வளவு மிச்சமாகும் என்பது. நீங்கள் கேட்க வேண்டியது இந்த இயந்திரம் வருடத்துக்கு எத்தனை ஏக்கர் அடிக்கும் என்பது. லாபமும் நட்டமும் அதில்தான் இருக்கிறது.

கீழே வரும் ரூபாத் தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. விலைகள் கிழமைக்குக் கிழமை மாறும்; உங்கள் கொட்டேஷனில் உள்ள தொகையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

1. முதலில் ஏக்கரை எண்ணுங்கள்

காணியின் பரப்பை மட்டும் எண்ணினால் போதாது. ஒரு வயலுக்கு ஒரு போகத்தில் எத்தனை தடவை மருந்தடிக்கிறீர்கள் என்பதால் அதைப் பெருக்க வேண்டும். நெல்லுக்குப் பொதுவாக ஒன்று அல்லது இரண்டு களைநாசினி, பிறகு தத்தி, இலைச்சுருட்டி போன்ற பூச்சியோ எரிபந்த நோயோ வந்தால் ஒன்றிரண்டு. நான்கு தடவை என்று வையுங்கள். 25 ஏக்கர் வயல், 4 தடவை, காலபோகமும் சிறுபோகமும் சேர்த்து 2 போகம்: வருடத்துக்கு 200 ஏக்கர் அடிப்பு. சிறுபோகத்தில் குளத்து நீர் முழுக் காணிக்கும் கிடைக்காத இடமென்றால் இந்தத் தொகை இன்னும் குறையும். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் காணி வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 6ஆம் படியில் இதுதான் தீர்ப்புச் சொல்லும்.

2. ஒரு போகம் வாடகைக்கு அடித்துப் பாருங்கள்

வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். ஏற்கனவே சேவை செய்கிற ஒருவரை அழைத்து, வயலின் ஒரு பாதியை ட்ரோனாலும் மறு பாதியை வழமையான முதுகு டாங்கியாலும், ஒரே மருந்தை ஒரே நாளில் அடிக்க விடுங்கள். பத்து நாள் கழித்து இரண்டு பக்கமும் களையைப் பாருங்கள்.

அன்று ஒரு கொப்பியில் இவற்றைக் குறியுங்கள்: ட்ரோன் வயலுக்கு வந்த நேரம், முதல் தடவை எழும்பிய நேரம், கடைசியாக இறங்கிய நேரம், அடித்து முடித்த ஏக்கர், மாற்றிய பற்றரிகள், காற்றுக்காகக் காத்திருந்த நேரம். பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் கணக்குப் பிழைக்கும். 5 மீற்றர் அகலத்தில் செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் போனால் ஓர் ஏக்கர் மூன்று நிமிடத்துக்குள் முடியும். திரும்பல், மருந்து நிரப்பல், பற்றரி மாற்றல், வரம்பு வளைவுகள், அடுத்த வயலுக்கு நகர்தல் எல்லாம் சேர்ந்தால் மணிக்கு 6 முதல் 8 ஏக்கர் போனாலே நல்ல வேலை.

ஒரு நாளில் அடிக்கத் தோதான நேரம் காலை 6 முதல் 9.30 வரையும், பின்னேரம் 4 முதல் 6 வரையும்தான். நடுப்பகலில் காற்றும் வெயிலும் சேர்ந்து துளியைக் கீழே விழ விடாது. ஆகவே நாளுக்கு 35 ஏக்கர் என்று கணக்கில் வையுங்கள். விற்பனைத் தாளில் அச்சடித்த மணிக்கணக்கு, தடையில்லாத பெரிய சமதரைக்கு உரியது.

3. கொட்டேஷனை வரி வரியாக வாசியுங்கள்

“முழு செட்” என்று சொல்லும் விலையில் எது இல்லை என்று கேளுங்கள். பெறுமதி சேர் வரி (வற்) 18 சதவீதம் சேர்ந்த விலையா, சேராத விலையா? உரம் வீசும் பெட்டி சேர்த்தியா? பயிற்சி எத்தனை பேருக்கு? பயிற்சி நடப்பது கொழும்பிலா, உங்கள் வயலிலா? உதிரிப்பாகம் நாட்டுக்குள் கையிருப்பில் உண்டா? விசிறி இலை, பம்ப், நொசில், குழாய் இணைப்பு ஆகிய நான்கும் போகத்தின் நடுவில் உடையக்கூடியவை. அவை கொழும்பில் இல்லை என்றால் இயந்திரமும் கொழும்பில் இருப்பதற்குச் சமம்.

பற்றரிக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பாரத்தோடு ஒரு பறப்பு 7 முதல் 10 நிமிடம். சார்ஜ் செய்யக் குறைந்தது 10 நிமிடம், இறங்கிய சூடு ஆறுவதற்கு அதே அளவு நேரம். ஆகவே ஓயாமல் அடிக்க மூன்று பற்றரி வேண்டும்; சிறுபோக வன்னி வெயிலில் நான்கு இல்லாமல் முடியாது. சூடான பற்றரியைச் சார்ஜர் ஏற்றுக்கொள்ளாது, நிழலில் ஆறும் வரை எல்லாரும் வரம்பில் குந்தியிருக்க வேண்டியதுதான். பற்றரி உத்தரவாதம் சார்ஜ் சுற்றுக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் இருக்கும், எது முதலில் முடிகிறதோ அது. தாளில் 1,500 சுற்று என்று இருந்தாலும் உங்கள் கணக்கில் 1,000 சுற்று என்றே போடுங்கள்.

ஜெனரேற்றரில்தான் பலர் சறுக்குகிறார்கள். 20 லீற்றர் மருந்து டாங்கி உள்ள வகுப்பு ட்ரோனின் பற்றரி சுமார் 0.8 கிலோவாற் மணி பிடிக்கும். அதைப் பத்து நிமிடத்தில் ஏற்ற ஏறக்குறைய 5 கிலோவாற் வலு வேண்டும். 40 லீற்றர் வகுப்புக்கு அதன் இரு மடங்கு. வீட்டில் மின்வெட்டுக்கு வாங்கி வைத்த 2 கிலோவாற் ஜெனரேற்றரைக் கொண்டுபோனால் ஒரு பற்றரிக்கு அரை மணித்தியாலம் போகும், காலை நேரம் அதிலேயே முடிந்துவிடும். ஜெனரேற்றரின் விலையும் அதை ஏற்றிப்போகும் வாகனமும் கொட்டேஷனில் இருக்காது. நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

எந்த அளவு வாங்குவது? டிஜேஐ நிறுவனத்தின் அக்ராஸ் என்ற விவசாய ட்ரோன் வரிசையில் டி10 என்பது 8 லீற்றர் டாங்கி, டி30 என்பது 30, டி40 என்பது 40. பெரியது ஏக்கருக்கு மலிவு என்பது உண்மைதான், ஆனால் வரம்பு நெருங்கிய அரை ஏக்கர், ஒரு ஏக்கர் துண்டுகளில் அதன் வேகம் பயன்படாது, தூக்கி இறக்கவும் இரண்டு ஆள் வேண்டும். வடக்கு, கிழக்கு வயல்களுக்கு 20 லீற்றர் வகுப்பே பொருத்தம் என்பது என் கருத்து.

4. கடதாசி வேலை: எதற்கு முன் எது

காசு கட்டுவதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். மூன்று இடங்கள்:

பத்தரமுல்லை அக்குரேகொடையில் உள்ள பாதுகாப்பு அமைச்சு. ட்ரோன் நாட்டுக்குள் வருவதற்கு இவர்களின் அனுமதி வேண்டும்.

எல்விட்டிகல மாவத்தையில் உள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. கட்டுப்படுத்தியின் வானலைக்கான அனுமதி இவர்களுடையது.

கட்டுநாயக்கா மினுவாங்கொடை வீதியில் உள்ள சிவில் விமான சேவை அதிகாரசபை. இயந்திரப் பதிவும் இயக்குகிறவருக்கான அனுமதியும் இங்கே. எடையைப் பொறுத்து வகுப்பு மாறும். மருந்து நிரப்பிய விவசாய ட்ரோன் பெரும்பாலும் 25 கிலோவைத் தாண்டும் என்பதால் கலியாண வீட்டில் படம் எடுக்கும் ட்ரோனுக்கான விதிகளை வைத்து யோசிக்காதீர்கள்.

முகவரிடம் வாங்கினால் முதல் இரண்டையும் அவரே முடித்திருப்பார். ஆனாலும் அந்த அனுமதிகளின் பிரதியை, உங்கள் இயந்திரத்தின் தொடர் இலக்கத்தோடு, கையில் வாங்காமல் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். கோப்பில் இருக்க வேண்டியவை: தேசிய அடையாள அட்டைப் பிரதி, வியாபாரப் பெயர்ப் பதிவு, வரி இலக்கம், கொள்வனவுப் பற்றுச்சீட்டு, இயந்திரத்தினதும் கட்டுப்படுத்தியினதும் தொடர் இலக்கம் தெரியும் படம், பயிற்சிச் சான்றிதழ், மூன்றாம் தரப்புக் காப்புறுதி. தனி ஆளாக நடத்தும் வியாபாரத்துக்குப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தினூடாக. கம்பனியாகப் பதிவதென்றால் டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களம்.

வெளிநாட்டில் இருந்து வரும் உறவினரிடம் சொல்லிக் கொண்டுவரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் வந்த ட்ரோனைச் சுங்கம் விமான நிலையத்திலேயே தடுத்து வைக்கும். இயந்திரம் எப்படியோ வந்துவிட்டாலும், வேறு நாட்டுச் சந்தைக்கு விற்றதை இங்கே உள்ள முகவர் பழுதுபார்ப்பார் என்ற நிச்சயம் இல்லை. பற்றரி இன்னும் சிக்கல்: லிதியம் பற்றரி ஆபத்தான சரக்கு, 9ஆம் வகுப்பு. விமானச் சரக்காகத் தனியே அனுப்பினால் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது. போகத்தின் நடுவில் ஒரு பற்றரி போனால் மாற்றுப் பற்றரி கப்பலில் வந்து சேரும்போது நெல் கதிர் தள்ளியிருக்கும்.

வயல் இருக்கும் இடத்தையும் பாருங்கள். பலாலி ஓடுபாதையை அண்டிய வலிகாமம் வடக்குத் தோட்டங்கள், மட்டக்களப்பு விமான நிலையத்தைச் சுற்றிய வயல்கள், படை முகாம்களுக்கு அருகில் உள்ள காணிகள் ஆகியவற்றுக்குத் தனி அனுமதி கேட்க வேண்டிவரும். மற்ற இடங்களிலும் போகத் தொடக்கத்தில் பொலிஸ் நிலையத்துக்கும் கிராம சேவகருக்கும் அனுமதிப் பிரதிகளோடு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள்.

நேரம்: ஒக்டோபர், நொவெம்பர் விதைப்புக்கு இயந்திரம் தயாராக வேண்டுமென்றால் ஏப்ரலில் கோப்பைத் திறக்க வேண்டும். ஓகஸ்டில் தொடங்கியவர் காலபோகத்தை விட்டுவிட்டு வட்டி மட்டும் கட்டுவார்.

5. கடன் எடுப்பதென்றால்

லீசிங்கோ வங்கிக் கடனோ, மாதத் தவணைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வருமானம் வருவது வருடத்தில் நான்கைந்து மாதங்களில் மட்டும். கமக்காரர் கையில் காசு புரளுவது அருவிவெட்டுக்குப் பிறகு, அதாவது காலபோகத்துக்குப் பெப்ரவரி, மார்ச். சிறுபோகத்துக்கு ஓகஸ்ட், செப்டெம்பர். தவணையை அந்த மாதங்களுக்குத் தள்ளித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் ஆறு மாதத் தவணைக்கான தொகையை ஒதுக்கி வைத்த பிறகே கையெழுத்திடுங்கள்.

6. வருடக் கணக்கு

எல்லாம் சேர்த்து 50 இலட்சம் ரூபா முதலீடு என்று வைப்போம். இதில் நான்கு பற்றரி 16 இலட்சம், மிச்சம் 34 இலட்சம்.

அடித்தாலும் அடிக்காவிட்டாலும் போகும் செலவு:
- 34 இலட்சம் நான்கு வருடத்தில் தேய்ந்து, கடைசியில் 6 இலட்சத்துக்கு விற்கலாம் என்றால் வருடத் தேய்மானம் 7 இலட்சம்.
- சராசரி 28 இலட்சம் முடங்கிக் கிடப்பதற்கு 14 சதவீத வட்டி, கிட்டத்தட்ட 4 இலட்சம். சொந்தக் காசானாலும் இதைப் போடுங்கள். நிலையான வைப்பில் இருந்தால் அந்தக் காசுக்கும் வட்டி வந்திருக்கும்.
- காப்புறுதி, அனுமதிப் புதுப்பிப்பு, பழுது 4 இலட்சம்.

ஆக 15 இலட்சம்.

ஏக்கருக்கு ஏக்கர் போகும் செலவு:
- பற்றரி: 4 இலட்சம் விலை, 1,000 சுற்று, சுற்றுக்கு 2 ஏக்கர். ஏக்கருக்கு 200 ரூபா.
- ஜெனரேற்றர் பெற்றோல்: கால் லீற்றர், சுமார் 75.
- இயக்குகிறவரும் உதவியாளும்: 500.
- வாகனம்: 200.
- நொசில், விசிறி இலை போன்ற தேய்மானப் பொருள்: 75.

ஆக 1,050 ரூபா.

ஏக்கருக்கு 2,500 ரூபா கூலி கிடைத்தால் கையில் நிற்பது 1,450. 15 இலட்சத்தை 1,450ஆல் பிரித்தால் 1,034. அதாவது வருடத்துக்கு 1,034 ஏக்கர் அடித்த பிறகுதான் முதல் ரூபா லாபம். போகத்துக்கு 517 ஏக்கர், நாளுக்கு 35 வீதம் 15 நாள். கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் ஒரே குளத்தின் கீழ் விதைத்தவர்கள் எல்லாருக்கும் களைநாசினி ஒரே கிழமையில்தான் வேண்டும். மற்றக் கிழமைகளில் இயந்திரம் சும்மா நிற்கும். நொவெம்பர், டிசெம்பர் மழையும் நாட்களைத் தின்னும். போட்டிக்கு ஒருவர் வந்து கூலி 2,200 ஆனால் 1,304 ஏக்கர் தேவை. 600 ஏக்கரோடு நின்றால், 2,500 ரூபாக் கூலியிலேயே வருடம் 6 இலட்சத்துக்கு மேல் நட்டம்.

இப்போது முதலாம் படியில் எழுதி வைத்த எண்ணுக்கு வாருங்கள். 200 ஏக்கர் அடிப்புக்கு மட்டும் வாங்கினால் ஒரு தடவை ஓர் ஏக்கர் அடிக்கும் செலவு 8,550 ரூபா. யாரையாவது கூலிக்குக் கூப்பிடுவதே மேல். வெவ்வேறு காலத்தில் விதைக்கும் இரண்டு மூன்று குளங்களின் கமக்கார அமைப்புகளோடு பேசி, வருடத்துக்கு 1,034 ஏக்கர் அடிப்புக்கு மேல் பெயர்ப் பட்டியல் கையில் இருந்தால் வாங்குங்கள்.

மருந்து மிச்சம் என்ற வரி இந்தக் கணக்கில் இல்லை. வேண்டுமென்றே விட்டது. வயல் முழுக்க அடிக்கும்போது ஏக்கருக்கான மருந்து அளவு லேபிளில் உள்ளதுதான். ட்ரோன் அதைக் குறைக்காது. குறைவது தண்ணீரும் ஆள் நேரமும். கூலியாள் நாள் முழுக்க மருந்துப் புகாருக்குள் நடக்காமல் இருப்பதும் பெரிய பயன், அது கணக்குப் புத்தகத்தில் வராது.

7. மருந்து கலக்கும் இடத்தில் கவனம்

முதுகு டாங்கியில் ஏக்கருக்கு 10 டாங்கி, டாங்கிக்கு 16 லீற்றர், ஆக 160 லீற்றர் தண்ணீர். ட்ரோனில் ஏக்கருக்கு 10 லீற்றர். கலவை 16 மடங்கு செறிவானது. இங்கேதான் பெரிய பிழை நடக்கிறது: கடைக்காரர் “டாங்கிக்கு 20 மில்லி” என்று சொன்னதை அப்படியே ட்ரோன் டாங்கிக்கும் போடுகிறார்கள், களை அசையாது.

கணக்கு இப்படி: 20 மில்லி, 10 டாங்கி, ஏக்கருக்கு 200 மில்லி. 20 லீற்றர் ட்ரோன் டாங்கி 2 ஏக்கருக்குப் போகும், ஆகவே டாங்கிக்கு 400 மில்லி. எப்போதும் ஏக்கர் அளவுக்குப் போய்விட்டு டாங்கிக்கு வாருங்கள்.

இவ்வளவு செறிவில் இரண்டு மருந்தைச் சேர்த்தால் திரைந்துபோகலாம். வயலுக்குப் போகுமுன் ஒரு கண்ணாடிப் போத்தலில் அதே விகிதத்தில் கலந்து அரை மணித்தியாலம் வையுங்கள். தயிர் போலத் திரண்டாலோ அடியில் படிந்தாலோ சேர்க்க வேண்டாம். கலக்கும் ஒழுங்கு: வாளியில் பாதித் தண்ணீர், முதலில் தூளும் குறுணையும், அடுத்துக் கூழ்த்திரவம், பிறகு எண்ணெய்த் தன்மையுள்ளது, கடைசியில் ஒட்டுத் திரவம். வடிகட்டாமல் டாங்கிக்குள் ஊற்றாதீர்கள். வாய்க்கால் தண்ணீரின் சேறு நொசிலை அடைப்பது நாள்தோறும் நடப்பது; கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோங்கள்.

லேபிளில் அந்தப் பயிருக்குப் பதிவு உண்டா என்று பாருங்கள். ட்ரோனால் அடிக்கலாமா என்ற சந்தேகம் வந்தால் உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடமோ, பேராதனை கெட்டம்பேயில் உள்ள பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்திலோ எழுத்தில் கேளுங்கள்.

8. அளவு சரிபார்த்தல்

ஹெக்டேயருக்கு எத்தனை லீற்றர் என்பதற்குச் சூத்திரம்: நிமிடத்துக்கு வெளிவரும் லீற்றரை 600ஆல் பெருக்கி, வேகத்தாலும் அகலத்தாலும் பிரிக்கவும். வேகம் மணிக்குக் கிலோமீற்றர், அகலம் மீற்றர். நிமிடத்துக்கு 3.75 லீற்றர், வேகம் 18, அகலம் 5 என்றால் ஹெக்டேயருக்கு 25 லீற்றர், ஏக்கருக்குச் சுமார் 10.

திரையில் தெரியும் எண்ணை நம்பி இருக்காதீர்கள். வெறும் தண்ணீர் நிரப்பி, தரையில் நிறுத்தி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அளவுச் சாடியில் பிடியுங்கள். நொசில் உள்ள வகையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே பிடிக்க வேண்டும். புதியதைவிட 10 சதவீதம் கூட வந்தால் அந்த நொசில் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். அகலத்தைப் பார்க்க, நீர்பட்டால் நிறம் மாறும் தாளைப் பயிர் உயரத்தில் அரை மீற்றருக்கு ஒன்றாகக் குத்தி, 2.5 முதல் 3 மீற்றர் உயரத்தில் மேலால் பறக்க விடுங்கள். ஓரத் தாள்களில் புள்ளி ஐதாக இருக்கும் இடத்தை அகலத்தில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் பத்து நாளில் வயலில் கோடு கோடாகக் களை நிற்கும், அதைப் பார்த்த ஊர் அடுத்த போகம் உங்களைக் கூப்பிடாது.

காற்று செக்கனுக்கு 3 மீற்றரைத் தாண்டினால் நிறுத்துங்கள். காற்றே இல்லாமல் புகை தரையோடு படர்ந்து நிற்கும் விடியற்காலையும் ஆகாது. சிறு துளிகள் மிதந்து அயலுக்குப் போகும். எம்சிபிஏ போன்ற அகன்ற இலைக் களைநாசினி பட்டால் அடுத்த காணி மிளகாயும் பப்பாசியும் சுருண்டுவிடும். அந்த ஒரு இழப்பீடு முழுப் போக லாபத்தையும் கொண்டுபோகும். களைநாசினிக்குப் பெரிய துளி வையுங்கள், காற்று போய்ச் சேரும் பக்கத்து ஓரத்தை முதுகு டாங்கியால் அடியுங்கள்.

மின்கம்பி, பனை, யானை வேலிக் கம்பி மூன்றையும் பறக்குமுன் நடந்து பார்த்து வரைபடத்தில் குறியுங்கள். மெல்லிய கம்பியை இயந்திரத்தின் உணரி காணும் என்று நம்பி இருக்க முடியாது.

9. காசு வசூல்

“வெட்டினவுடன் தாறன்” என்பது வயல் ஊர்களின் வழமை. அதற்கு ஒத்துக்கொண்டால் பெற்றோலும் கூலியும் உங்கள் கைக்காசு. அடிக்குமுன் பாதி, அடித்த அன்று பாதி என்று முதல் நாளே பேசுங்கள். மருந்தைக் கமக்காரரே வாங்கித் தரட்டும்; நீங்கள் வாங்கிக் கொடுத்தால் களை சாகாததற்கும் நீங்களே பொறுப்பாவீர்கள்.

ஒவ்வொரு வயலுக்கும் ஒரு தாள்: பெயர், ஏக்கர், மருந்து லேபிளின் படம், ஏக்கர் அளவு, நேரம், காற்று, கமக்காரரின் கையொப்பம். இயந்திரத்தின் பறப்புப் பதிவையும் சேமியுங்கள். ஏக்கரில் தகராறு வந்தால், காணி உறுதியில் எழுதிய பரப்பைவிட அடித்த பரப்பைக் காட்டும் அந்தப் பதிவுதான் உதவும்.

போகம் முடிந்ததும் டாங்கி, குழாய், பம்ப் எல்லாவற்றையும் மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுங்கள். கழுவிய நீரை வாய்க்காலில் விடாமல் அடித்த வயலிலேயே தெளியுங்கள். பற்றரிகளை 40 முதல் 60 சதவீதச் சார்ஜில், தகரக் கொட்டிலில் இல்லாமல் நிழலான கல்வீட்டு அறையில் வைத்து, மாதம் ஒரு தடவை சார்ஜ் அளவைப் பாருங்கள். முழுச் சார்ஜில் மூன்று மாதம் கிடந்து உப்பிய பற்றரிக்கு உத்தரவாதம் கிடையாது.